இரண்டாவது பிரேக்

ஊர் ஃபுட்பால் கிளப்புக்குப் புதுப் பயிற்சியாளர் யார் என்ற செய்தி வந்தபோது, வாத்தியார் ஒரு பெண்ணுக்கு வண்டியைப் பின்னால் எடுக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். போனில் செய்தி சொன்னது அவருடைய மனைவி. குரலில் பெருமை வழிந்தது.

"என் தம்பியைத்தான் போட்டிருக்காங்க."

வாத்தியாரின் வலது கால் தானாக அழுந்தியது. வண்டி குலுங்கி நின்றது. அந்தப் பெண் தான் என்ன தப்பு செய்தோம் என்றே தெரியாமல் மன்னிப்புக் கேட்டாள். வாத்தியார் பெரிய மனது பண்ணி மன்னித்தார்.

அவர் பள்ளிக்கூட வாத்தியார் இல்லை, டிரைவிங் வாத்தியார். ஊரில் இருந்தது அவருடைய டிரைவிங் ஸ்கூல் ஒன்றுதான் என்பதால், ஸ்டியரிங் பிடிக்கத் தெரிந்த எவரும் அவரிடம் திட்டு வாங்காமல் பிடித்திருக்க முடியாது. அவர் வண்டியில், அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் தடுமாறினால் அவர் மிதித்துக் காப்பாற்ற வேண்டும் என்பதற்காக வைத்தது. வாத்தியாரோ தடுமாறும்வரை காத்திருக்கிற ஆள் இல்லை. தடுமாறப்போகிறார்கள் என்று தோன்றினாலே போதும், "நிறுத்து" என்று ஒரு சத்தம், கூடவே ஒரு மிதி. அவருக்கு வலது கால் ஷூதான் முதலில் தேயும். இடது கால் ஷூ எப்போதும் கடையில் வாங்கியபடி பளபளவென்று இருக்கும்.

மற்றபடி, பாடம் முடிகிற கடைசி நாளில் ஒரு காரியம் செய்வார். ஓட்டுகிறவர் தேறிவிட்டார் என்று மனதுக்குப் பட்டால், இரண்டு கால்களையும் சீட்டின் மேல் தூக்கிச் சம்மணம் போட்டுக்கொள்வார். இனி வண்டி உன் பாடு என்று அதற்கு அர்த்தம். வாயால் ஒரு வார்த்தை பாராட்ட மாட்டார். ஊரில் பலருக்கு லைசென்ஸ் வாங்கிய நாள் மறந்துபோயிருக்கும். வாத்தியார் சம்மணம் போட்ட நாள் மறக்காது.

அவருக்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே பலவீனம் அந்த ஊர் ஃபுட்பால் கிளப். தோற்பதைத் தொழிலாகவே செய்துவந்த கிளப் அது. ஒவ்வொரு சீசன் ஆரம்பத்திலும் "இந்த வருஷம் பாரு" என்பார். சீசன் முடிவில், "அடுத்த வருஷம் பாரு" என்பார். கல்யாணத்துக்கே மேட்ச் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் தேதி வைக்கச் சொன்னார். பெண் வீட்டார் அதை ஏதோ ஜாதக விஷயம் என்று நினைத்து மரியாதையாக ஒப்புக்கொண்டார்கள்.

இந்த முறை நிலைமை மோசம். பழைய பயிற்சியாளர் வெளியேறினார், அவரோடு பெரிய ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். மிச்சம் இருந்தது நாலைந்து பேரும் ஒரு கொடிக்கம்பமும்தான். இனி எல்லாம் புதிதாகத் தொடங்க வேண்டும். அதற்கு ஆள் தேடி, கடைசியில் தன் மைத்துனனிடமா வந்து நிற்க வேண்டும் என்று வாத்தியார் நொந்துபோனார்.

மைத்துனன் கெட்டவன் இல்லை. முட்டி போகும்வரை நன்றாக ஆடியவன், பிறகு ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். ஆனால் வாத்தியாரின் கணக்கில் அவன் தேறாத கேஸ். அவரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்து, ஒரு நாள் பாதி வழியில் நடுரோட்டில் வண்டியை விட்டு இறங்கி, கதவைக்கூடச் சாத்தாமல் வீட்டுக்கு நடந்துபோனவன். இன்றுவரை பஸ்தான்.

"ஒரு வண்டியையே ஓட்டத் தெரியாதவன், பதினொரு பேரை எப்படி ஓட்டுவான்?" என்று வாத்தியார் சாப்பாட்டு மேஜையில் கேட்டார்.

"அவங்க எல்லாம் கால்லதாங்க ஓடுவாங்க," என்றாள் மனைவி.

இருந்தாலும் வாத்தியாரால் நம்பாமல் இருக்க முடியவில்லை. அது அவருடைய சாபம். புது ஆட்டக்காரர்களின் பெயர்ப்பட்டியல் மைதானத்து வாசலில் மாட்டப்பட்ட அன்றே போய்ப் பார்த்தார். எல்லாரும் உள்ளூர் ஆட்கள், பகலில் வேலை, மாலையில் பயிற்சி. வலது பக்கத் தடுப்பில் பேக்கரிக்காரன். நடுவில் எலக்ட்ரீஷியன். கோல்கீப்பர், மருந்துக்கடையில் இருக்கிற நெட்டையன். பின்வரிசை முழுக்கத் தன் வண்டியில் வியர்த்தவர்கள்தான் என்று கண்டுகொண்டபோது அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இந்த வருஷம் பாரு.

பார்த்தார். மைத்துனன் கோட்டுக்கு வெளியே இரண்டு கைகளையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நின்றான். வாயைத் திறக்கவே இல்லை. சொல்ல வேண்டியதைப் பயிற்சியிலேயே சொல்லிவிட்டேன், ஆட்டத்தில் அவர்களே பார்த்து முடிவெடுக்கட்டும் என்பது அவன் கொள்கையாம். வாத்தியாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாராவது சொல்ல வேண்டாமா? நடுக்கோட்டுக்கு நேராக, முதல் வரிசையில், ஆட்டக்காரர்களின் வியர்வை வாடை அடிக்கிற தூரத்தில் இருந்தது அவருடைய வழக்கமான இடம். அங்கிருந்து அந்தப் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார். தொண்டை கிழியக் கத்தினார்.

கிளப் தோற்றது. மறுபடி தோற்றது. அவ்வப்போது முன்வரிசைக்காரர்கள் அழகாக ஒரு கோல் போடுவார்கள், ஜெயித்தும் விடுவார்கள். ஆனால் பின்வரிசையில் ஏதோ கோளாறு. நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற பேக்கரிக்காரன் திடீரென்று மரமாக நிற்பான். எலக்ட்ரீஷியன் கரண்ட் போனது போல நிற்பான். எதிராளி அவர்களைச் சுற்றிக்கொண்டு போய், சாவகாசமாகக் கோல் போட்டுவிட்டு வருவான். கடைசி ஆட்டம் ஒன்றுதான் பாக்கி என்கிறபோது கிளப் பட்டியலில் கடைசிக்கு வந்திருந்தது. அதில் ஜெயித்தால் தப்பிக்கலாம். இல்லையென்றால் கீழ்ப்பிரிவு. அங்கே போன கிளப்புகள் திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை. ஒரு கிளப்பின் மைதானத்தில் இப்போது மரக்கடை நடக்கிறது.

அந்த வாரம் மைத்துனன் வீட்டுக்கு வந்தான். காபியைக் கையில் வாங்கியவன் குடிக்காமல் மேஜையில் வைத்தான்.

"அத்தான், ஒரு வீடியோ காட்டணும். போன மேட்ச்ல யாரோ எடுத்தது."

போனை அவர் முன்னால் நிறுத்தினான். திரையில் பேக்கரிக்காரன் பந்தை விரட்டிக்கொண்டு ஓடினான். எங்கிருந்தோ ஒரு குரல், "நிறுத்து" என்றது. பேக்கரிக்காரன் நின்றான். கோல் விழுந்தது.

"என் குரல் நல்லா விழுந்திருக்கே," என்றார் வாத்தியார்.

"அடுத்ததையும் பாருங்க."

அடுத்ததில் எலக்ட்ரீஷியன். அதே குரல், "ஏய், நிறுத்து, நிறுத்து." எலக்ட்ரீஷியனின் வலது கால் வெறும் புல்லை ஒரு மிதி மிதித்தது. ஆள் நின்றான். கோல். அதற்கடுத்து இன்னொன்று. அதில் "நிறுத்து" சொன்ன மறுகணமே கோல்கீப்பர் நெட்டையன் நின்ற இடத்தில் உறைந்து, பந்து தன்னைத் தாண்டிப் போவதை மரியாதையோடு பார்த்தான்.

வாத்தியாரின் முகத்தில் ஈயாடவில்லை.

"நான் எதிராளியை நிறுத்தச் சொன்னேன்," என்றார் மெதுவாக.

"தெரியும் அத்தான். ஆனா அவங்க எல்லாம் உங்ககிட்ட படிச்சவங்க. அந்தச் சத்தம் கேட்டா மூளை யோசிக்கறதுக்குள்ள கால் நின்னுடுது. அவங்களைக் கேட்டேன். யாருக்கும் தெரியவே இல்ல."

மனைவி அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். "இத்தனை நாள் உங்க டீமை நீங்களே உட்கார்ந்து தோற்கடிச்சிருக்கீங்க. அதுவும் டிக்கெட் வாங்கி."

"கடைசி மேட்ச்சுக்கு மட்டும் நீங்க வராம இருந்தா…" என்று இழுத்தான் மைத்துனன்.

வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவும் இல்லை. அந்த மைதானத்துக்குப் போகாமல் அவர் எங்கே போவார்? வீட்டில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்ப்பதற்கா அவர் இத்தனை தோல்வியைத் தின்று வளர்ந்தார்?

"வாயைத் திறக்க மாட்டேன் மாப்ள. சத்தியமா."

மைத்துனன் போனை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். "வாய் மட்டும் இல்ல அத்தான். நான் ஏன் அன்னிக்கு இறங்கிப் போனேன்னு தெரியுமா? உங்க கூட வண்டி ஓட்டினப்போ நான் ஒரு நாள்கூட ரோட்டைப் பார்க்கல. உங்க காலைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

ஆறிப்போன காபியை வாத்தியாரே எடுத்துக் குடித்தார்.

கடைசியில் மனைவிதான் தீர்த்துவைத்தாள். அவர் வரட்டும், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறேன் என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் மேட்ச் பார்க்க வருவது அதுதான் முதல் முறை.

ஆட்டத்தன்று மைதானம் நிரம்பி வழிந்தது. கிளப் மூழ்குவதைப் பார்க்க வந்தவர்கள் பாதி, மூழ்காது என்று வேண்டிக்கொண்டு வந்தவர்கள் பாதி. வாத்தியார் கைக்குட்டையைச் சுருட்டி வாயில் கவ்விக்கொண்டு உட்கார்ந்தார். ஆரம்பத்திலேயே எதிரணி ஒரு கோல் போட்டது. அவர் கைக்குட்டையை இறுகக் கடித்தார். இடைவேளைக்குப் பிறகு நம்மவர்கள் ஒன்று போட்டுச் சமன் செய்தார்கள். அப்போதும் கைக்குட்டையை எடுக்கவில்லை. சந்தோஷத்தில் வாயைத் திறந்தாலும் ஆபத்துதான்.

அவர் பேசவில்லை. ஆனாலும் பேக்கரிக்காரன் பந்து கிடைக்கும்போதெல்லாம் வாத்தியார் இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பந்தை வேறு யாருக்கோ தள்ளிவிட்டு, நிம்மதியாக நின்றான். ஒரு முறை, இரண்டு முறை அல்ல, ஆட்டம் முழுக்க அப்படித்தான். முகத்தைப் பார்க்கிறானோ என்று வாத்தியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்கும் நின்றான்.

சமன் போதாது. நடுவர் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். வாத்தியாரின் கண்ணுக்குள் மரக்கடை வந்து போனது.

அப்போதுதான் எதிராளியின் காலிலிருந்து பேக்கரிக்காரன் பந்தைப் பிடுங்கினான். முன்னால் ஆளே இல்லை. வலது ஓரம் முழுக்கக் காலியாகக் கிடந்தது. ஓடினான். நடுக்கோட்டை நெருங்கும்போது பழக்கம் போகாமல் பார்வை இந்தப் பக்கம் திரும்பியது. வேகம் குறைந்தது.

அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கீழே பார்க்கிறான். வாத்தியார் தானும் குனிந்து பார்த்தார். அவருடைய வலது கால், முன்னால் இருந்த பலகையை முழங்கால் நடுங்க மிதித்துக்கொண்டிருந்தது. ஆட்டம் தொடங்கியதிலிருந்து மிதித்துக்கொண்டிருந்திருக்கும் போல. பலகையில் ஷூ அச்சு பதிந்திருந்தது.

யோசிக்க நேரம் இல்லை. வாத்தியார் ஷூவோடு இரண்டு கால்களையும் தூக்கிப் பெஞ்சின் மேல் போட்டார். இடது கால் மனைவியின் கைப்பையின் மேல் ஏறியது. சம்மணம் போட்டு, கால்களைக் கைகளால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்தார்.

பேக்கரிக்காரன் அதைப் பார்த்தான். அவன் முகத்தில் லைசென்ஸ் வாங்கிய அன்றைய சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு அவன் யாரையும் பார்க்கவில்லை. ஒருவனைத் தாண்டினான், இன்னொருவனை ஏமாற்றினான், கோல்கீப்பர் பாய்ந்து வந்தபோது பந்தைப் பக்கவாட்டில் தட்டி அவனையும் கடந்தான். உதைக்க வேண்டியவன் உதைக்கவே இல்லை. பந்தோடு சேர்ந்து ஓடிப்போய், வலைக்குள் புகுந்து, வலையில் சிக்கிக்கொண்டுதான் நின்றான். அவனை அவிழ்த்தெடுக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள்.

மைதானம் அலறியது. மைத்துனன் முதல் முறையாகப் பாக்கெட்டிலிருந்து கைகளை எடுத்தான், எடுத்ததை என்ன செய்வது என்று தெரியாமல் தலையில் வைத்துக்கொண்டான். வாத்தியார் மட்டும் எழவில்லை. கால் மரத்துப்போயிருந்தது. கைக்குட்டை வாயில் இருந்தபடியே அழுதார்.

"கீழ போடலாங்க இப்போ," என்று மனைவி அவருடைய முழங்காலைத் தட்டினாள்.

"விசில் அடிக்கட்டும்," என்றார் வாத்தியார், கைக்குட்டைக்கு உள்ளிருந்து.

விசில் அடித்தது. கிளப் பிழைத்தது.

எல்லாரும் கலைந்த பிறகு மைத்துனன் வழக்கம்போல பஸ் நிறுத்தம் பக்கம் நடந்தான். வாத்தியார் அவன் பின்னாலேயே போய், அவன் கையைப் பிடித்து, அதில் வண்டிச் சாவியை வைத்தார். மைத்துனன் சாவியைப் பார்த்தான், அவரைப் பார்த்தான்.

"வேணாம் அத்தான். நல்ல நாள் அதுவுமா."

"ஏறு மாப்ள."

மனைவி பின்சீட்டில் உட்கார்ந்து முன்சீட்டைப் பிடித்துக்கொண்டாள். மைத்துனன் ஸ்டியரிங்கைத் தொட்டுவிட்டு, பழக்கத்தில் பக்கத்தில் குனிந்து பார்த்தான். பிரேக்கின் மேல் கால் இல்லை. வாத்தியார் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தாடை மட்டும் இறுகியிருந்தது.

வண்டி இரண்டு முறை குலுங்கி, ஒரு முறை இருமி, கிளம்பியது. மைத்துனன் மூன்று தெருவை மாடு நடக்கிற வேகத்தில் கடந்தான். நாலாவது தெருவில் கொஞ்சம் தைரியம் வந்து, வீட்டுத் தெருவில் அது கொஞ்சம் அதிகமாகிவிட்டது.

"டேய், நிறுத்துடா," என்று பின்னாலிருந்து அலறியது அவன் அக்காதான்.

வாசலில் வாத்தியார் ஆசை ஆசையாக வளர்த்த ரோஜாத்தொட்டி பம்பரில் பட்டு உடைந்தது. வண்டி நின்றது. மைத்துனன் கண்ணை மூடிக்கொண்டு, வர வேண்டிய திட்டுக்குக் காத்திருந்தான்.

வாத்தியார் எட்டித் தொட்டியைப் பார்த்தார். மண்ணைப் பார்த்தார். கால்களைக் கீழே போடாமலேயே தொண்டையைச் செருமினார்.

"கண்ணைத் திற. இடது பக்கம் இன்னொரு தொட்டி இருக்கு, அதைப் பார்த்து மெதுவா ரிவர்ஸ் எடு," என்றார். "மறுபடியும் போகலாம்."