நாரைமடை ஏரியின் மணப்பாறை விருந்தாளிகள்

1954-ஆம் ஆண்டு பங்குனி எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நாரைமடை ஏரியின் நடுத்திட்டுக்குப் பெண் பார்க்க வந்த மணப்பாறைக்காரர்கள் நான்கு பேர், காபி குடித்துவிட்டு மூன்றரை மணிக்குப் படகேறினார்கள். கரை சேர அவர்களுக்குப் பதினோரு ஆண்டுகள் ஆயின. அதே நேரத்தில் புறப்பட்ட மற்றப் படகுகள் வழக்கம்போல முக்கால் மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தன. ஏரி கொள்ளிடத்துக்கு வடக்கே இருக்கிறது. தென்கரையில் பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் ஸ்ரீரங்கம். குறுக்களவு இரண்டு மைல். நடுத்திட்டில் முப்பத்திரண்டு வீடுகளும் ஓர் அந்தோணியார் கோயிலும். மாசி வாடை ஓய்ந்து பங்குனி பிறந்துவிட்டால் ஏரி நல்ல பிள்ளையாகிவிடும். காலையில் தண்ணீர் அசையாது, பத்து மணிக்கு மேல் தெற்கிலிருந்து மெல்லிய காற்று, மூன்று மணிக்குக் கொஞ்சம் வலுக்கும், வேப்பம்பூ படகெல்லாம் கொட்டிக் கிடக்கும். வருஷத்தில் படகுக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. அந்த நல்ல காலத்தில்தான் இது நடந்தது.

துறைக் குத்தகை இன்னாசிராஜ் கையில் இருந்தது. திட்டின் துறையில் நின்ற புங்கமரத்தில் ஒரு கரும்பலகை மாட்டி, அன்றன்றைய காற்று, அலை, படகு போகலாமா கூடாதா என்று எழுதி வைப்பார்கள். எழுதுவது அவருடைய ஒரே மகள் ரோசரி. எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள், முத்துமுத்தான கையெழுத்து. அவள் எழுதியது ஒருநாளும் தப்பியதில்லை. பெண்ணுக்கு வானம் பார்க்கத் தெரிகிறது என்று முதலில் சொல்லிக்கொண்டார்கள். ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் தெற்குக் காற்று என்பதற்கு வடக்குக் காற்று என்று எழுதிவிட்டாள். வீசிக்கொண்டிருந்த காற்று நின்று, திரும்பி, வடக்கிலிருந்து வீச ஆரம்பித்தது. அதற்குப் பிறகு முகம் கழுவிவிட்டு எழுதும்படி இன்னாசிராஜ் மகளிடம் சொல்லி வைத்தார். வேறொன்றும் சொல்லவில்லை.

ரோசரிக்கு அப்போது பதினெட்டு வயது. திருச்சியில் கன்னியர் நடத்திய ஆசிரியப் பயிற்சிப் பள்ளி ஒன்றில் சேர அவளுக்குக் கொள்ளை ஆசை. விண்ணப்பப் படிவம் வாங்கி வைத்திருந்தாள். ஆனால் வரன் பார்க்க ஆரம்பித்தாகிவிட்டது. ஒரு வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போனால் அவர்கள் பதில் வரும்வரை பெண் எங்கேயும் போகக்கூடாது, வேறு வீட்டாரையும் அழைக்கக்கூடாது. பதிலோ அங்கேயே சொல்வதில்லை. பெண் வீட்டில் உட்கார்ந்துகொண்டு முகத்துக்கு நேரே பிடிக்கவில்லை என்று சொல்வது மரியாதை ஆகாது; பிடித்திருக்கிறது என்று சொன்னாலோ பிள்ளை வீட்டுக்கு அவசரம் என்று ஆகிவிடும். எனவே, ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்பார்கள். அதற்கு முன் வந்த இரண்டு வீட்டாரும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு கடிதம் எட்டு மாதம் கழித்து வந்தது. மற்றது வரவேயில்லை. பள்ளியில் சேர்க்கும் இரண்டு ஜூன் மாதங்கள் அதில் போயின.

மூன்றாவதாக வந்தவர் மணப்பாறை அமிர்தசாமி. ரயில்வே ஸ்டேஷனில் முறுக்குக் கடை வைத்திருந்தவர். மனைவி சகாயம்மாளும், கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தாவாக இருந்த மகன் பிலோமின்ராஜும் கூட வந்தார்கள். திருச்சி வந்து இறங்கிய பிறகுதான், மூன்று பேராகப் போகிறோமே என்பது சகாயம்மாளுக்கு உறைத்தது. நல்ல காரியத்துக்கு மூன்று பேர் ஆகாது. காந்தி மார்க்கெட்டில் அவர்களுக்கு மாவு மூட்டை தூக்கும் மருதையை, சுத்தமான சட்டை ஒன்றைப் போட்டுவிட்டு, நாலாவது ஆளாக அழைத்துக்கொண்டார்கள். சாயங்காலத்துக்குள் திரும்பிவிடலாம் என்று சொன்னதால் மருதை வீட்டில்கூடச் சொல்லிக்கொள்ளாமல் வந்தான்.

பெண் பார்த்தார்கள். கேசரி, பஜ்ஜி, காபி. எல்லாம் முடிந்து, அமிர்தசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அப்ப நாங்க ஊருக்குப் போயிக் கடிதாசி போடறோங்க" என்றார். உள்ளே நின்ற ரோசரிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பின்வாசல் வழியாகத் துறைக்கு ஓடி, பிற்பகல் காற்று எழுதும் இடத்தில், 'மணப்பாறையார் பதில் சொன்ன பிறகு போகலாம்' என்று எழுதினாள். அவர்கள் படித்துவிட்டுச் சிரித்துப் பதிலைச் சொல்லிவிடுவார்கள் என்பது அவள் எண்ணம். பேச்சுச் சத்தம் நெருங்கி வந்ததும் தைரியம் போய்விட்டது. தாவணி முனையால் துடைத்துவிட்டு மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டாள். மனிதர் யாரும் அதைப் படிக்கவில்லை. ஏரி படித்துவிட்டது.

படகு பாதித் தூரம் போனதும் எதிரே காற்று வலுத்தது. வலுத்தது என்றால் பெரிய காற்றொன்றும் இல்லை, வேப்பம்பூவைச் சுமந்துவரும் அளவுக்குத்தான். ஆனால் இரண்டு பேர் துடுப்புப் போட்டும் படகு கையளவு முன்னேறவில்லை. வந்த வழியே மெதுவாகத் திரும்பித் துறையில் முட்டி நின்றது. மறுநாளும் அப்படியே. வடகரைப் பக்கம் போய்ப் பார்த்தார்கள், காற்று வடக்கே போய் நின்றுகொண்டது. நால்வரையும் நாலு படகில் பிரித்து ஏற்றினால் நாலு படகும் திரும்பின. ஒருநாள் மருதை நீந்திப் பார்த்தான். அவன் தலைக்கு முன்னால் மட்டும் அலை எழுந்து, குழந்தையைத் தள்ளுவதுபோல அவனைக் கரைக்குத் தள்ளியது. பயந்துபோன ரோசரி, மணப்பாறையார் போகலாம், போகலாம், போகலாம் என்று பலகை நிறைய எழுதினாள். ஒருமுறை நிபந்தனையோடு படித்துவிட்டதை, நிபந்தனை தீராமல் ஏரி விடுவதாக இல்லை. நடக்காததை எழுதினால் துறைக்குக் கெட்ட பெயர் என்று இன்னாசிராஜ் சத்தம் போட்டார். அன்று முதல் பலகையில் இரண்டு வரிகள் வந்தன. 'பொதுமக்களுக்கு: போகலாம். மணப்பாறையாருக்கு: போக முடியாது.'

திருச்சியிலிருந்து ஓர் இன்ஜினீயர் காற்றாடிக் கருவியோடு வந்து மூன்று நாள் தங்கி, காற்று மணிக்கு ஆறு மைல், படகு செலுத்த மிகவும் ஏற்றது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ஸ்ரீரங்கத்துப் பஞ்சாங்கக்காரர் அந்தப் பங்குனியில் எந்தத் தோஷமும் இல்லை என்றார். விருந்தாளிகளுக்குக் கோயில் பக்கத்தில் ஒரு வீடு ஒழித்துக் கொடுத்தார்கள். சம்பந்தம் முடிவாகாத பிள்ளை வீட்டாரை எப்படி நடத்துவது என்பது இன்னாசிராஜ் மனைவி இருதயமேரிக்குத் தீராத தலைவலி. தலைவாழை இலை போடுவதா, சாதாரண இலை போடுவதா என்று தினமும் யோசித்தாள். ஆறு மாதத்தில் பிலோமின்ராஜுக்கு வேலை போயிற்று. அவன் படகுக்குத் தார் பூசவும் பலகை மாற்றவும் கற்றுக்கொண்டான். சகாயம்மாள் முறுக்குச் சுட்டாள். அது தென்கரையில் நன்றாக விற்றது.

பதிலை மட்டும் அவர்கள் சொல்லவில்லை. ஊருக்குப் போகாமல் எப்படிச் சொல்வது? தபால்காரர் தாராளமாக வந்து போய்க்கொண்டிருந்தார். அவர் மூலம் அமிர்தசாமி தன் அண்ணனுக்கு எழுதிக் கேட்டார். இதெல்லாம் நேரில் பேசவேண்டிய விஷயம், வா, பேசிக்கொள்ளலாம் என்று அண்ணன் பதில் போட்டார். 1962 தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் எழுத வந்தவர் நாலு பேரையும் திட்டுவாசிகளாகச் சேர்த்தபோது அமிர்தசாமி சண்டைக்குப் போனார். தாங்கள் விருந்தாளிகள், இன்றோ நாளையோ கிளம்பிவிடுவோம் என்றார். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோன வாரத்தில், ஏரியில் ஆளுயரம் அலை அடித்தபோது, அதையாவது பிடித்துக்கொண்டு போய்விடலாம் என்று நால்வரும் படகேறினார்கள். படகைச் சுற்றிப் பத்தடி தூரத்துக்குப் பங்குனி மாதத்து வெயில் அடித்தது; தெற்குக் காற்று மெல்ல வீசி, வேப்பம்பூவோடு அவர்களைத் துறையில் கொண்டுவந்து விட்டது. அன்று சகாயம்மாள் மணலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அந்த இதமான காற்றை வெறுத்த அளவுக்கு அவள் வாழ்நாளில் வேறெதையும் வெறுத்ததில்லை.

ரோசரியின் கதை அதைவிட மோசம். அவளைக் காற்று தடுக்கவில்லை. வாரம் ஒருமுறை தென்கரைச் சந்தைக்குப் போய் வந்தாள். பஸ் நிற்கும், ஏறலாம், ஏறமாட்டாள். ஒவ்வொரு பங்குனியிலும் படிவத்தை நிரப்பி அப்பாவிடம் நீட்டுவாள், "பதில் வரட்டும்மா, அவங்க இங்கயே இருக்கையில நீ கெளம்பிப் போனா நல்லாவா இருக்கும்?" என்பார். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் நடந்ததைச் சொன்னாள். ஐம்பத்துமூன்று மணிச் செபம் மூன்று முறை சொல்லும்படியும், போய் அவர்களையே கேட்டுவிடும்படியும் அவர் சொன்னார். செபத்தைச் சொல்லி முடித்தாள். கேட்பது முடியவில்லை. என்னைப் பிடித்திருக்கிறதா என்று ஒரு பெண் போய்ப் பிள்ளை வீட்டாரைக் கேட்பதாவது! அவளைக் கூண்டில் போட்டுப் பூட்டிச் சாவியை அவள் கையிலேயே கொடுத்திருந்தது அந்த வெட்கம். மருதையைப் பார்க்கும்போதுதான் அவளுக்குச் சோறு இறங்காது. ஞாயிறுதோறும் அவன் மனைவி பாப்பாயி தூக்குச்சட்டியில் கறிக்குழம்போடு படகில் வந்து, ஜெயிலில் இருப்பவனைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுப் போவாள். மகள் பெரியவளான சடங்குக்கு அவனால் போக முடியவில்லை. ஒரு சொல்லும் சொல்ல வேண்டியிராத மனிதன், அடுத்தவர் சொல்லாத சொல்லுக்காகக் கிடந்தான்.

1965-இல் கிழமையும் தேதியும் 1954-இல் இருந்தது மாதிரியே விழுந்தன. பங்குனி எட்டு, ஞாயிறு. பயிற்சிப் பள்ளியில் முப்பது வயதுக்கு மேல் சேர்ப்பதில்லை. ரோசரிக்கு ஜூலையில் முப்பது நிறைகிறது. இந்தமுறை அப்பாவைக் கேட்காமல் அவளே படிவத்தை அனுப்பியிருந்தாள்; மறுநாள் திங்கட்கிழமை நேரில் வரும்படி பள்ளியிலிருந்து கடிதம் வந்திருந்தது. அன்று காலை பாப்பாயி வந்து, வருகிற புதன்கிழமை மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று மருதையிடம் சொல்லிக்கொண்டிருந்ததைத் துறையில் நின்ற ரோசரி கேட்டாள். மருதை தலையை மட்டும் ஆட்டினான்.

பூசை முடிந்து எல்லோரும் இன்னாசிராஜ் வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ரோசரி சட்னிப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு நடுவீட்டில் நின்றாள்.

"அன்னைக்கு என்னைப் பாத்தீங்களே. பிடிச்சுதா, பிடிக்கலையா?"

"ஏய், உள்ள போ!" என்றார் இன்னாசிராஜ்.

"அதெல்லாம் ஊருக்குப் போயி..." என்று அமிர்தசாமி ஆரம்பித்தார்.

"எப்பங்க போவீங்க? சொல்லுங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்கமாட்டேன்."

சகாயம்மாள்தான் இட்லித் தட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "பிடிக்கலைம்மா. அன்னைக்கு நீ தலை குனியாம ஜன்னல் வழியா வெளியவே பாத்துக்கிட்டிருந்தே. திமிர் புடிச்ச பொண்ணுன்னு நெனச்சுட்டோம்."

ரோசரி அன்று ஜன்னல் வழியாகப் பார்த்தது ஏரியை. மூன்று மணிக் காற்று எழும்பிவிட்டதா, விருந்தாளிகளுக்குப் படகு சரிப்படுமா என்று பார்த்தாள்.

"எனக்கும் அன்னைக்குப் பிடிக்கலைங்க" என்றான் பிலோமின்ராஜ். அவனுக்குக் காதோரம் நரைத்திருந்தது. "இப்ப அப்படி இல்லைங்க. ரொம்ப வருஷமாவே அப்படி இல்லை."

"நான் அன்னைக்குள்ளதைத்தான் கேட்டேன்" என்றாள் ரோசரி.

வெளியே புங்கமரத்து இலை ஆடுவது நின்றது. மருதைக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கைகூடக் கழுவாமல் எழுந்துபோய் மனைவியோடு படகில் உட்கார்ந்தான். நாற்பது நிமிஷத்தில் தென்கரை போய்ச் சேர்ந்தான். அங்கே மண்ணில் இறங்கியவன் பஸ் வரும்வரை உட்காரவேயில்லை என்று டீக்கடைக்காரர் சொன்னார்.

சகாயம்மாள் ரோசரியைக் கட்டிக்கொண்டு அழுதாள். இனி எங்கள் வீட்டுப் பெண்ணாக வந்துவிடு என்றாள். இன்னாசிராஜின் முகம் மலர்ந்துவிட்டது. அவர்களுக்குத்தான் இப்போது பிடித்திருக்கிறதே, இனிமேல் என்ன, ஊருக்குப் போய் அண்ணனைக் கலந்து முறையாகக் கடிதம் போடட்டும், பாஸ்காத் திருநாள் கழிந்ததும் வைத்துக்கொள்ளலாம், அதுவரை பொறுத்திரு, நாளைக்குத் திருச்சிக்கெல்லாம் போகவேண்டாம் என்றார். ரோசரிக்குப் பிலோமின்ராஜ்மேல் கோபம் இல்லை. கொஞ்சம் பிரியம்கூட இருந்தது. ஆனால் இன்னொரு வீட்டின் கடிதத்துக்குக் காத்திருக்க அவளிடம் இனி ஒரு நாள் கிடையாது. அப்பா அழுதால் தன் மனம் இளகிவிடும் என்பதும், இன்று போனாலும் நாளை கூப்பிட்டால் திரும்பி வந்துவிடுவோம் என்பதும் அவளுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை காலை முகம் கழுவிவிட்டு, கோபம் எதுவும் இல்லாமல், தன் நல்ல கையெழுத்தில் பலகை எழுதினாள். 'காற்று: இல்லை. அலை: இல்லை. பொதுமக்கள் போகலாம். மணப்பாறையார் போகலாம். ரோசரி போகலாம், திரும்பி வர முடியாது.' எழுதியதைத் துடைக்காமல் படகேறினாள். நடு ஏரி வந்ததும் முகத்தை மூடிக்கொண்டு தேம்பி அழுதாள். படகு போய்க்கொண்டிருந்தது.

மணப்பாறைக்காரர்கள் அன்று மாலையே கிளம்பினார்கள். சொன்ன சொல் தவறாமல் அமிர்தசாமி கடிதம் போட்டார். அது சித்திரையில் வந்து சேர்ந்தது. ரோசரி பயிற்சி முடித்து அரியமங்கலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சரானாள். முதல் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் போகலாம் என்று ஆசைப்பட்டுப் படகேறினாள். வடக்கிலிருந்து மெல்லிய காற்று எழுந்து அவளைத் தென்கரைக்கே கொண்டுவந்து விட்டது. இருதயமேரி படகில் வந்து பலகாரத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள். திட்டில் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை. இன்னாசிராஜ் இரண்டு வருஷம் முகம் கொடுக்காமல் இருந்துவிட்டு, 1967 பங்குனி முதல் மாதத்துக்கு ஒரு ஞாயிறு தென்கரைக்கு வர ஆரம்பித்தார். அப்பாவும் மகளும் டீக்கடையில் உட்கார்ந்து, தண்ணீர் மட்டம் எவ்வளவு, காற்று எப்படி என்று பேசிக்கொண்டிருப்பார்கள். மகள் ஏறவேண்டிய நாலு மணி பஸ் தூரத்தில் தெரிந்ததும் அவரே எழுந்துபோய், ரோட்டின் நடுவில் நின்று, கை காட்டி நிறுத்துவார்.