நாலாம் பக்கம்

"நாலாம் பக்கம் எங்கடா?"

வீரமலை பேப்பரை இரண்டு தடவை புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார். இரண்டாம் பக்கத்தை அடுத்து ஐந்தாம் பக்கம் வந்து நின்றது. காந்தி மார்க்கெட்டில் முப்பத்தெட்டு வருஷமாக வாழைக்காய் மண்டி வைத்திருப்பவர் அவர். மார்க்கெட் நிலவரம் படிக்காவிட்டால் அவருக்குப் பொழுதே விடியாது.

"தெரியலப்பா. பேப்பர்காரன் ஒரு தாளை விட்டுட்டான் போல" என்றான் மகன் ரெங்கராஜ்.

பச்சைப் பொய். அந்தத் தாள் எட்டாக மடிந்து அவனுடைய பேன்ட் பாக்கெட்டில்தான் இருந்தது. அடுப்படியில் இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்த மணிமேகலையின் கரண்டி அப்படியே நின்றது. ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் வாசலில் நின்று தன் புருஷன் அந்தத் தாளை உருவியதை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தாள். அவன் திரும்பி அவளை முறைத்தான். கரண்டி மறுபடி ஓடியது.

அந்தத் தாளில் ஒன்றும் கொலைச் செய்தி இல்லை. நாலாம் பக்கத்துக் கீழ்ப் பாதியில், வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு மணிமேகலை நிற்கிற படம். "புராஸ்டேட் புற்றுநோயை எதிர்க்க உடம்பையே தயார் செய்யும் ஆய்வு: ஸ்ரீரங்கம் பெண் விஞ்ஞானி" என்று மேலே கொட்டை எழுத்தில் தலைப்பு. வேறு வீடாக இருந்தால் தெரு முழுக்கக் காட்டிவிட்டு ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பார்கள். இந்த வீட்டில் அதற்கு வழியில்லை. ஏனென்றால் இந்த வீட்டைப் பொறுத்தவரை மணிமேகலை செய்வது சர்க்கரை நோய் ஆராய்ச்சி.

ஆமாம், சர்க்கரை. ஏழு வருஷத்துக்கு முன்னால் கல்யாணமான கையோடு அவள் ஆராய்ச்சியில் சேர்ந்தபோதே ரெங்கராஜ் செய்துவைத்த ஏற்பாடு அது. ஆண்களுக்கு மூத்திரப் பைக்குக் கீழே வருகிற நோய் என்று அப்பாவிடம் எப்படிச் சொல்வது? மாமனார் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் மருமகள் குறுக்கே நடக்கவே கூசுகிற குடும்பம். "சக்கரைன்னு சொல்லிடலாம், அதுதான் எல்லா வீட்லயும் இருக்கு" என்றான். ஆராய்ச்சிக்கு விடுகிறார்களே, அதுவே பெரிசு என்று மணிமேகலையும் தலையாட்டிவிட்டாள். மாமியார் அமிர்தம் அக்கம்பக்கத்தில் "எங்க மருமக சக்கரைக்கு மருந்து கண்டுபுடிக்குது" என்று சொல்லிச் சொல்லி, அதுவே நிஜமாகிவிட்டது.

அப்பாவின் கௌரவத்துக்காகத்தான் தாளை உருவினோம் என்று ரெங்கராஜ் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கௌரவமாவது மண்ணாவது! வயிற்றெரிச்சல், வேறொன்றுமில்லை.

அவனும் ஆராய்ச்சிக்குப் போனவன்தான். எம்.எஸ்ஸி. வேதியியலில் முதல் ரேங்க். அவன் பட்டம் வாங்குகிற படத்தை அப்பா மண்டிச் சுவரில் மாட்டிவைத்து, வாழைத்தார் வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். பி.எச்டி.யில் மூன்றாவது வருஷம் நெறியாளரோடு முட்டிக்கொண்டு வெளியே வந்தான். இப்போது ஒரு தனியார் கல்லூரியில் வருஷா வருஷம் அதே பாடத்தை அதே வார்த்தைகளில் சொல்லிக்கொண்டிருக்கிறான். இவளோ கல்யாணத்துக்கு அப்புறம் சேர்ந்து, சமைத்துப் போட்டுக்கொண்டே முடித்துவிட்டாள். அவளுடைய ஆய்வேட்டின் நன்றிப் பக்கம் அவனுக்கு மனப்பாடம். முதலில் நெறியாளர் வத்ஸலா, அடுத்து ரத்தம் கொடுத்த நோயாளிகள், அப்புறம் லேபில் கூட வேலை பார்க்கும் பிரான்சி, அப்புறம் அவள் அம்மா. ஐந்தாவதாகத்தான் 'பொறுமை காத்த என் கணவர்'. பொறுமையாம்! அவளுடைய முதல் கட்டுரைக்கு இங்கிலீஷ் திருத்திக் கொடுத்தது யார்?

அன்று காலை சத்திரம் பேருந்து நிலையத்தில் அவளை இறக்கிவிட்டபோது வத்ஸலா அவனுக்கே போன் செய்தார். "ரெங்கராஜ், பேப்பர் பாத்தேளா? எங்க உத்தர வீதி பூரா இவ பேச்சுதான். நீங்க ரொம்பக் கொடுத்துவெச்சவர்."

"ஆமா மேடம்" என்று போனை வைத்தான். முகம் சிறுத்துப் போயிருந்தது. ஸ்கூட்டர் டிக்கியைத் திறந்து, ஆர்.சி. புக்கும் குடும்பத்து மருத்துவ இன்சூரன்ஸ் காகிதங்களும் இருந்த பிளாஸ்டிக் கவருக்குள் அந்தத் தாளைத் திணித்தான். தூக்கிப் போடவும் மனசு வரவில்லை, வைத்துப் பார்க்கவும் மனசு வரவில்லை.

"ஏங்க, மாமாவுக்கு என்னைக்காச்சும் தெரியத்தானே போவுது?" என்றாள் மணிமேகலை.

"எதுக்குத் தெரியணும்? ஒனக்கு மாலை போட்டு ஊர்வலம் விடவா?"

அவள் பஸ் ஏறினாள். மார்க்கெட்டில் அவள் முகம் யாருக்கும் தெரியாது; அதனால் சேதி அப்பா காதுக்குப் போகவில்லை.

அந்தக் கோடை முழுக்க வீரமலை இளநீராகக் குடித்தார். நீர்க்கடுப்பு. சூடு என்றார். வெள்ளரி விதை அரைத்துக் குடித்தார், நீர்முள்ளிக் கஷாயம் வைத்துத் தரச் சொன்னார். ஏலத்துக்கு நடுவில் மூன்று தடவை எழுந்து போக வேண்டியிருந்தது. போனால் நின்றுகொண்டே இருக்க வேண்டியிருந்தது. அமிர்தத்திடம்கூட முழுசாகச் சொல்லவில்லை. மீசை நரைத்த ஆண்பிள்ளை இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்வானா?

ஒரே ஒரு நாள் சொல்ல வந்தார். வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மகனோடு ஸ்கூட்டரில் காவிரிப் பாலத்தின் மேல் வரும்போது பின்னால் உட்கார்ந்தபடி மெல்ல ஆரம்பித்தார்.

"ஏண்டா ரெங்கா, ஒம் பொண்டாட்டிக்கு சக்கரை மட்டுந்தான் தெரியுமா? வேற எதாச்சும் கேட்டா சொல்லுமா?"

வேறொருவனாக இருந்தால், "ஏம்ப்பா, ஒடம்புக்கு என்ன?" என்று வண்டியை ஓரம் கட்டியிருப்பான். ரெங்கராஜின் காதில் அது அப்படி விழவில்லை. இனிமேல் எதற்கெடுத்தாலும் அவளைத்தான் கேட்பாரா? படித்தவன் என்று நான் ஒருத்தன் இந்த வீட்டில் இல்லையா?

"அதுக்கு வேற என்னப்பா தெரியும்?" என்றான்.

வீரமலை பேச்சை வாழைத்தார் விலைக்கு மாற்றிவிட்டார்.

மாசங்கள் ஓடின. தை பிறந்தபோது இடுப்பு வலி வந்தது. தார் தூக்கிய உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று ஒத்தடம் கொடுத்தார்கள். ஆவணியில் ஒரு நாள் மண்டியில் உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்து எலுமிச்சங்காய்க் கடை ரஃபீக் பாயும் இரண்டு லோடுமேன்களும் தூக்கி ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். மூன்றாம் நாள் டாக்டர் ரெங்கராஜைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னார். இத்தனை வருஷமாக அவன் வீட்டு வாசற்படி ஏறவிடாமல் வைத்திருந்த அதே வார்த்தை. எலும்புக்குப் பரவியிருக்கிறது என்றும் சொன்னார்.

லேபிலிருந்து அப்படியே ஓடிவந்திருந்த மணிமேகலை ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தாள். கண்ணில் நீர் முட்டியது.

அந்த நேரத்தில்தான் கவுன்டரில் இன்சூரன்ஸ் அட்டை கேட்டார்கள். "வண்டி டிக்கியில ஒரு கவர்ல எல்லாம் வெச்சிருப்பானே" என்று அமிர்தம் மகனிடம் சாவியை வாங்கிக்கொண்டு போனாள். அவன் டாக்டர் சொன்னதிலேயே திகைத்து நின்றவன், எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. அவள் கவரோடு வந்து, புருஷனின் கட்டில் மேல் அதைக் கொட்டித் தேடினாள்.

"அட, இந்தாங்க! நம்ம மேகலை படம் போட்டிருக்கான் பேப்பர்ல!"

வீரமலை கண்ணாடியை மாட்டிக்கொண்டார். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர் அல்ல அவர். ஆனாலும் அன்றைக்கு ஒவ்வொரு வரியாக, நிறுத்தி நிறுத்திப் படித்தார். தேதியைப் பார்த்தார். போன வருஷத்துச் சித்திரை.

"நாலாம் பக்கம்" என்றார்.

மனைவியோடு கட்டிலருகே வந்திருந்த ரெங்கராஜ் தரையைப் பார்த்தான்.

"அம்மாடி, இதுவா ஒன் வேலை?"

"ஆமாங்க மாமா."

"எனக்கு வந்திருக்கிறதும் இதுதானா?"

"ஆமாங்க மாமா."

"நீ கண்டுபுடிக்கிற மருந்து இருந்தா நான் தப்பிச்சிருப்பேனா?"

மணிமேகலை ஸ்டூலை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் முன்னால் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"அது இன்னும் மருந்து ஆகல மாமா. நம்ம ரத்தத்துல நோயோட சண்டை போடுற அணுக்கள் இருக்குல்ல, அதுங்க இந்தக் கட்டியைப் பாத்தும் சும்மா நிக்குதுங்க. அதுங்கள எப்படி எழுப்பிவிடுறதுன்னுதான் நாங்க பாக்குறோம். வருஷக்கணக்குல ஆகும். என் ஆராய்ச்சியால ஒங்களுக்கு ஒரு பலனும் கெடைச்சிருக்காது. ஆனா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா மறுநாளே ஒரு ரத்த டெஸ்ட் எடுக்க வெச்சிருப்பேன். சீக்கிரமே தெரிஞ்சிருக்கும். வைத்தியத்துக்கு நேரம் கெடைச்சிருக்கும். இப்பவும் ஊசி இருக்கு மாமா, அடக்கி வெக்கலாம். அடியோட எடுக்கத்தான் முடியாது."

"சொல்ல வந்தேன் அம்மாடி. ஒனக்கு சக்கரையைத் தவிர ஒண்ணும் தெரியாதுன்னாங்க."

யார் சொன்னார்கள் என்று அவர் சொல்லவில்லை. மகன் பக்கம் திரும்பவும் இல்லை. ரெங்கராஜுக்கு அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது. ஆனால் பாழாய்ப்போன மனசு அந்த நேரத்திலும் அடங்கவில்லை. என்னோடு என்றைக்காவது இப்படி உட்கார்ந்து பேசியிருக்கிறாரா என்று உள்ளுக்குள் பொருமியது.

ஊசி போட்டு இரண்டு மாதத்தில் வலி தணிந்தது. ஐப்பசியில் வீரமலை கைத்தடியோடு மண்டிக்கு வந்துவிட்டார். வருகிற வழியில் சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஆட்டோவை நிறுத்தி, அந்தத் தாளை லேமினேஷன் செய்து வாங்கிக்கொண்டார். கூட வந்த மகனிடம் நீட்டினார்.

"மாட்டு."

"எங்கப்பா?"

"எல்லாரு கண்ணுலயும் படுற மாதிரி."

எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி அந்த மண்டியில் ஒரே இடம்தான் உண்டு. ரெங்கராஜ் ஸ்டூல் போட்டு ஏறி, தன் பட்டமளிப்புப் படத்தைக் கழற்றி இடது கையில் வைத்துக்கொண்டு, அதே ஆணியில் தாளை மாட்டினான்.

"எறங்காத. அங்கேயே நின்னு படி. சத்தமாப் படி."

மகன் தயங்கினான். ஏலத்துக்கு வந்தவர்கள் முப்பது பேர் இருந்தார்கள். கைத்தடி ஒரு தடவை தரையில் தட்டியது. ரெங்கராஜ் படித்தான். தன் வீட்டுக்குள் தான் தடைபோட்ட வார்த்தையைத் தன் வாயாலேயே தார்களுக்கு நடுவில் நின்று சொன்னான். ஓர் இளவட்டம் களுக்கென்று சிரித்தது.

"என்னடா சிரிப்பு?" என்றார் வீரமலை. "எனக்கு வந்திருக்கு அந்த நோய். வெளிய சொன்னா அசிங்கம்னு பொத்தி வெச்சிருந்தேன். எலும்புக்குப் போயிருச்சு. அதுக்கு ஆராய்ச்சி பண்றது எம் மருமக. ஒரே வீட்ல இருந்தோம், ஒரே அடுப்புல சாப்புட்டோம். எனக்குத் தெரியாது!"

எலுமிச்சங்காய் மூட்டை ஓரமாக நின்றிருந்த ரஃபீக் பாய் மெதுவாக ஸ்டூல் அருகே வந்தார். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, எனக்கும் ஒரு ஆறு மாசமா அண்ணன் சொல்ற மாதிரித்தான் இருக்கு. அந்தம்மா நம்பரைக் கொஞ்சம் சொல்லுங்க."

"எழுதிக்குங்க பாய்" என்று ரெங்கராஜ் இலக்கம் இலக்கமாகச் சொல்ல ஆரம்பித்தான்.

பாதியிலேயே பாய் போனிலிருந்து தலையைத் தூக்கினார். "இது ஒங்க நம்பருல்ல? எங்கிட்ட இருக்கே. எனக்கு அவுங்க நம்பர் வேணும்."

வீட்டுப் பெண்களின் நம்பரை வெளி ஆண்களுக்குக் கொடுக்கிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை. யார் கேட்டாலும் புருஷன் நம்பர்தான்.

"நான் சொல்றேன் பாய், எழுதிக்க" என்றார் வீரமலை.

மருமகளின் பத்து இலக்கத்தையும் அவர் பார்க்காமல் ஒப்பித்தார். பாய் எழுதிக்கொண்டார். பின்னால் நின்ற லோடுமேன் ஒருவர், "அண்ணே, இன்னொருக்கா சொல்லுங்க" என்று சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

ரெங்கராஜ் ஸ்டூலிலிருந்து இறங்கினான். கையிலிருந்த தன் படத்தை எங்கே மாட்டுவது என்று சுவர் முழுக்கத் தேடினான். வேறு ஆணி இல்லை.