மூன்று கோரிக்கைக்குத்தான் இடம்

அமைச்சரிடம் மூன்று கோரிக்கைகளுக்கு மேல் கொண்டு போவதில்லை என்று எங்கள் ஆஸ்பத்திரி ஊழியர் சங்கத்தில் முடிவானது. எங்களிடம் நான்கு இருந்தன. ஓய்வூதியம், காலிப் பணியிடங்கள், இரவுப் பணிக்குப் பாதுகாப்பு. நான்காவது, ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ஒப்பந்தத்தில் இருக்கும் பெண்களை நிரந்தரமாக்குவது. அதை இந்த வருடம் விட்டுவிடலாம் என்று சொன்னது நான்தான். நான்கையும் நீட்டினால் ஒன்றுகூடத் தேறாது என்று வாய் கிழியப் பேசினேன். மாற்றுக் கருத்து உண்டா என்று தலைவர் கேட்டார். கேட்ட கையோடு பட்டியலில் நான்காவதை அடித்துவிட்டார்.

கூட்டம் கலையும்போதுதான் உறைத்தது. ஒரு கோரிக்கையைக் கைவிடச் சொன்னவரே போய், சம்பந்தப்பட்டவர்களிடம் நேரில் சொல்ல வேண்டும் என்பது எங்கள் சங்கத்து வழக்கம். அடுத்தவர் போகும்வரை நல்ல வழக்கம்தான். சலவைக்கூடத்தில் என் நாத்தனார் வேலை செய்கிறாள்.

அவள் அங்கே இருப்பதால்தான் அப்படிப் பேசினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நர்சம்மா சொந்தக்காரிக்காக வக்காலத்து வாங்குகிறாள் என்று ஒருத்தரும் சொல்லிவிடக் கூடாதாம். என்ன வீறாப்பு எனக்கு!

வீட்டில் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன். உங்கள் தங்கைதானே, நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்களேன் என்று கணவரிடம் கெஞ்சிப் பார்த்தேன். மேடையில் பேசிய வாய்க்கு இது பெரிய காரியமா என்று சொல்லிவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டினார். அந்த ரிமோட்டைப் பிடுங்கி எறியலாம் போல வந்தது.

மறுநாள் என் வார்டு வேலை முடிந்ததும் சலவைக்கூடத்துக்கு இறங்கினேன். வெளியே இரண்டு தடவை நடந்துவிட்டுத்தான் உள்ளே போனேன். நாத்தனார் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். தேய்க்கும் இயந்திரத்தில் சுட்டுக்கொண்ட மணிக்கட்டில் கட்டு நனைந்து தொங்கியது. லீவு போட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும் என்று புண்ணோடு வந்துகொண்டிருக்கிறாள். அவளை உட்காரவைத்து, பழைய கட்டைப் பிரித்துப் புதுத் துணியைச் சுற்ற ஆரம்பித்தேன். கைக்கு வேலை இருந்ததால் வாய் திறந்தது. உங்கள் கோரிக்கை இந்தத் தடவை போகவில்லை என்று மென்று முழுங்கிச் சொன்னேன்.

பக்கத்திலிருந்த பெண்கள் மடிப்பதை நிறுத்தினார்கள். அவள் மட்டும் என் முகத்தையே பார்த்தாள். அதில் கோபம் இல்லை, என்மேல் பரிதாபம்தான் இருந்தது.

“விடச் சொன்னவங்கதானே, அண்ணி, வந்து சொல்லணும்? அந்த ஆளுக்குத் தைரியம் இல்லைன்னா, அவங்களுக்குப் பதிலா நீங்க ஏன் வந்து எங்ககிட்ட திட்டு வாங்கறீங்க?”

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் போதும். யார் என்று அவள் கேட்டிருக்கமாட்டாள். சங்கத்தில் யாரோ ஒரு பெரிய மனிதரைத் திட்டித் தீர்த்துவிட்டு, எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருப்பாள்.

“நான் யாருக்கும் பதிலா வரல” என்றேன்.

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு கையை இழுத்துக்கொண்டாள். துணியின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, மீதிக் கட்டை அவளே போட்டுக்கொண்டாள்.