கயபா கையைத் தூக்கினால்

1

இந்தக் கதை என் கடையில் கிடைத்தது. வில்லியனூரில் எனக்குப் பெயிண்ட் கடை. தவக்காலம் வந்தால் யேசுவின் பாடுகளை நடிக்கும் உறுவையாற்றுப் பாஸ்கா நாடகக்காரர்கள் ரோமானியக் கவசத்துக்கு சில்வர் பெயிண்ட் வாங்க வருவார்கள். இந்த வருடம் வந்தவன் ஜெயசீலன். நாடகத்தில் அவன்தான் கயபா, யேசுவுக்குச் சாவு கேட்கும் தலைமைக் குரு. டப்பாவை எடுக்காமல் நின்றான்.

"இன்னாடா?"

"ஷிராவ சீஃப் கெஸ்ட்டா கூப்ட்டுட்டேண்ணா."

2

தொடக்கம் ஒன்று: யூதேயாவின் வெயிலைப் போலவே உறுவையாற்றின் வெயிலும்… [வேண்டாம். நான் யூதேயாவைப் பார்த்ததில்லை.]

தொடக்கம் இரண்டு: ஷிரா யூதப் பெண். இஸ்ரேலிலிருந்து வந்து இங்கே ஒரு பண்ணையில் மண் பரிசோதிக்கிறாள். ஜெயசீலன் வீட்டு மாடியில் குடியிருக்கிறாள். [இது போதும்.]

"யேசு சாமியோட சொந்த சனம் நம்ம வூட்லயே கீது" என்று அவனுக்கு ஒரே பெருமை. பங்குச் சாமியாரும் பூசையில் அறிவித்துவிட்டார். நாடகத்தில் கொலைக்குக் கூச்சல் போடுவதும் அதே சனம்தான் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. அவர்களுக்கு யூதர் என்றால் நாடகத்தில் ஒட்டுத்தாடி வைத்து நடிக்கும் பக்கிரியும் டேனியலும். ஷிரா என்றால் மாடி வீட்டுப் பெண்.

3

ஷிரா யேசுவைப் பற்றி என்ன நினைப்பாள் என்று நானே ஒரு பக்கம் எழுதிக் கிழித்தேன். கட்சி அறிக்கை மாதிரி இருந்தது. பிறகு அவர்கள் வீட்டுக்கே போய்க் கேட்டேன். ஜெயசீலன் மனைவி விஜயராணியிடம் தமிழ் கற்ற ஷிரா, அதே தமிழில் சொன்னாள்.

"எங்கப்பா அவரு பேரயே சொல்ல மாட்டாரு. 'அந்த மனுசன்'னுவாரு. நான் அப்டி இல்ல. ஓய்வுநாளப் பத்தி மத்த ரபிங்களோட, அதான் எங்க வேத வாத்தியாருங்களோட, மல்லுக்கு நின்ன ஒரு ரபி. மல்லுக்கு நிக்கிறதுதான் எங்க ஆளுங்க வழக்கம்."

"அப்ப சாமி இல்லியா?" என்றான் ஜெயசீலன்.

"இல்லப்பா. நாங்க எதிர்பாக்குற மேசியா வந்தா சண்டை எல்லாம் ஓயணும். ஓஞ்சிச்சா?"

"வாயப் பாரு. சாப்புடுடி மொதல்ல" என்று விஜயராணி சாம்பாரை ஊற்றினாள்.

(அடிக்குறிப்பு மாதிரி: இது ஷிராவின் கருத்து. அவள் அண்ணனைக் கேட்டால் வேறு சொல்வானாம்.)

4

சிக்கல் ஒரு வசனத்தில் இருக்கிறது. ரோமானிய ஆளுநர் பிலாத்து கை கழுவியதும், யேசுவின் ரத்தப்பழியைத் தங்கள் பிள்ளைகளுக்கும் சேர்த்து யூதக் கூட்டம் ஏற்றுக்கொள்ளும் இடம். இந்த ஊரில் அதை நடிகர்கள் சொல்வதில்லை. கயபா கையைத் தூக்கினால், பார்க்க வந்த ஊரே கத்தும். பிள்ளைகளுக்கு அந்த இடம்தான் கொண்டாட்டம்.

இதை ஜெயசீலன் சொன்னபோது ஷிரா தட்டைத் தள்ளி வைத்தாள். "இஸ்ரேலுக்கு வர்றதுக்கு முன்ன எங்க தாத்தா இருந்த ஊர்ல பெரிய வெள்ளின்னா கதவத் தாப்பா போட்டுக்குவாங்களாம். அந்த வசனத்தக் கேட்டுட்டு ஆளுங்க எங்க சனத்த அடிக்கக் கம்போட வருவாங்க."

அவன் முகம் செத்துப்போனது. எனக்குப் பாவமாக இருந்தது.

"நீ வர வாணாம் ஷிரா."

"கூப்ட்டல்ல? வருவேன்."

5

முடிவு அ: ஜெயசீலன் கையைத் தூக்கவில்லை. [தூக்காவிட்டால் என்ன? ஊருக்கு அந்த இடம் மனப்பாடம்.]

முடிவு ஆ: ஷிரா எழுந்து போய்வி… [மாட்டாள். வருவேன் என்றவள்.]

முடிவு இ: மழை. [கோழைத்தனம், என்னுடையது.]

6

பெரிய வெள்ளி, சாயங்காலம். பிலாத்து கை கழுவிவிட்டான். ஜெயசீலன் முதல் வரிசையைப் பார்க்கிறான். பொன்னாடையோடு ஷிரா அவனையே பார்க்கிறாள். அவன் கை பாதி எழுந்து நின்றுவிட்டது.

இதற்குமேல் நான் எழுதப்போவதில்லை. கத்த வேண்டியது நானும் இல்லை, அவனும் இல்லை. ஷிராவுக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது, அதில் உங்களை உட்கார வைத்திருக்கிறேன். ஊர் வாயைத் திறக்கிறது.

நீங்கள்?