இறங்கலாம் என்றது செய்தி

"லோயிஸ், மெஷின் வெயிட்டுன்னு நீ போட்டிருக்கியே, டேங்க் ஃபுல்லா, காலியா?"

பக்கத்து சீட்டு ஷெர்வின் சும்மா வாய்க்கு வந்ததைக் கேட்பது போலத்தான் கேட்டான். லோயிஸ் மேசை டிராயரிலிருந்து அந்த அறுவடை இயந்திரத்தின் விளம்பரத் தாளை எடுத்துப் பார்த்தாள். அடியில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில், எடை நெல்தொட்டி காலியாக இருக்கும்போது என்று போட்டிருந்தது. தொட்டி நிறைந்தால் இன்னும் ஒன்றரை டன் ஏறும். இதைத் தெரிந்துகொள்ள ஒரு நாள் வரப்பில் நின்று பார்த்திருந்தால் போதும். மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த பெண், அரிசியைக் கடையில் பார்த்ததோடு சரி.

சைனிக்புரியில் ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்து நடந்த சின்னக் கம்பெனி அது. ஈர நிலத்தில் கனத்த இயந்திரம் இறங்கினால் அடிமண் இறுகிவிடும். அப்புறம் வேரும் இறங்காது, தண்ணீரும் இறங்காது. வருஷக்கணக்கில் உழுதாலும் சரியாவது கஷ்டம். அதைத் தடுக்கத்தான் இந்த மென்பொருள். வயலில் புதைத்த கருவி ஈரத்தைச் சொல்லும். மென்பொருள் இயந்திரத்தின் எடையோடு அதைச் சேர்த்துக் கணக்குப் போட்டு விவசாயியின் செல்போனுக்கு 'இறங்கலாம்' அல்லது 'இறங்காதே' என்று செய்தி அனுப்பும். புயல் மழை விட்டு ஐந்தாம் நாளான இன்று காலை ஒன்பது பேருக்கு 'இறங்கலாம்' போயிருந்தது. சரியான எடையைப் போட்டுப் பார்த்தாள். ஒன்பதும் 'இறங்காதே' என்று வந்தது.

முதலாளி கிருஷ்ணகுமார் ஊரின் மறுகோடியில், கச்சிபௌலியில் மீட்டிங்கில் இருந்தார். அவள் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னதும் போனில் கிசுகிசுத்தார்.

"ஒருத்தருக்கும் போன் பண்ணாத. மெசேஜும் அனுப்பாத. திங்கட்கிழமை கம்பெனியில பணம் போடப் பார்க்க ஆள் வராங்க. நான் மத்தியானம் வந்து பேசிக்கறேன்."

"சார், அதுக்குள்ள மெஷின் இறங்கிடும் சார்."

"லோயிஸ், சொன்னதைச் செய்."

பயந்த சுபாவம் அவளுக்கு. சரி சார் என்றுவிட்டாள். ஆனால் மனசு கேட்கவில்லை. அந்த ஒன்பது பேரில் சுந்தரேசன் இருந்தார். பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர், ஆபீசுக்கு அடுத்த தெருக்காரர். ஊரே இவர்களைப் பார்த்துச் சிரித்தபோது, கீசராவில் இருந்த தன் ஐந்து ஏக்கரில் முதல் கருவியைப் புதைக்க இடம் கொடுத்தவர். மூன்று தடவை கூப்பிட்டாள், எடுக்கவில்லை. அவர் மனைவி திரிபுரசுந்தரி வீட்டு எண்ணில் கிடைத்தார்.

"அறுப்புன்னு எட்டு மணிக்கே கிளம்பிட்டாரும்மா. போன் இங்கதான் சார்ஜுல கிடக்கு."

ஷெர்வினிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஸ்கூட்டியை எடுத்தாள். கீசரா சாலையில் ஒவ்வொரு லாரியும் வேண்டுமென்றே குறுக்கே வருவதாகத் தோன்றியது. ஏசப்பா, நெல்லில் பனி இன்னும் காயாமல் இருக்கட்டும், இன்னும் ஆரம்பிக்காமல் இருக்கட்டும் என்று வழி முழுக்க முணுமுணுத்தாள்.

ஆரம்பித்திருந்தார்கள். இயந்திரம் நாலு சுற்று முடித்து ஐந்தாவதில் இருந்தது. பின்னால் சக்கரத் தடங்கள் முழங்கை ஆழத்துக்குப் பள்ளமாகி, பக்கவாட்டில் மண் பளபளவென்று பிதுங்கிக் கிடந்தது. லோயிஸ் சேற்றில் இறங்கி இரண்டு கையையும் ஆட்டிக் கத்தினாள். பஞ்சாபி டிரைவர் என்னவோ ஏதோ என்று நிறுத்தினான்.

சுந்தரேசன் வரப்பிலிருந்து வந்தார்.

"என்னம்மா, நீ எங்க இங்க?"

"அங்கிள், நக்கோ அங்கிள், வேண்டாம். மெசேஜ் தப்பு. தப்பு என்னோடது. டேங்க் காலியா இருக்கற வெயிட்டைப் போட்டுட்டேன்."

சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"காலையில வந்ததும் பூட்ஸ் காலை வெச்சுப் பார்த்தேன். நாலு விரல் உள்ள போச்சு. இன்னைக்கு வேண்டாம்னுதான் தோணுச்சு. மெஷின்காரன் போனுக்கும் உங்க மெசேஜ் வருமே, அதைக் காட்டினான். இறங்கலாம்னு இருந்துச்சு. இறக்கிட்டேன்."

"தோணுச்சுல்ல? அப்புறம் கைக்கு அங்கிள், ஏன் இறக்கினீங்க? அவன் போன்லயே என்னைக் கூப்பிட்டிருக்கலாமே?"

"முப்பது வருஷ சர்வீஸ். மேல இருந்து வந்ததைக் கேள்வி கேட்டுப் பழக்கமில்லம்மா."

அவர் தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கிட்டத்தட்ட ஒரு ஏக்கர் போயிருந்தது. பிறகு டிரைவரிடம், வந்த தடத்திலேயே திரும்பி வெளியே போகும்படி இந்தியில் சொன்னார். புதுத் தடம் போட்டால் இன்னும் கெடும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இயந்திரம் கரையேறியதும் லோயிஸுக்கு உயிர் வந்தது. மீதி நாலு ஏக்கர் தப்பியது. கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்த மெசேஜ் எனக்கு மட்டுமா வந்துச்சு?" என்று கேட்டார் சுந்தரேசன்.

"இல்ல அங்கிள். ஒன்பது பேருக்கு."

"மத்த எட்டுப் பேருக்கும் சொல்லியாச்சா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சார் வந்து பேசிக்கறேன்னார். அவர் வர்ற வரைக்கும் யாருக்கும் போன் பண்ணாதன்னு..."

சற்று முன் இவரைக் கேட்ட 'ஏன்' இப்போது தன்னையே கேட்பதாக அவளுக்குப் பட்டது. சுந்தரேசன் கைக்கடிகாரத்தைத் திருப்பி அவளிடம் காட்டினார். மணி பதினொன்று பத்து.

சேற்றுக் கையோடு போனை எடுத்தாள். பட்டியலில் அடுத்த பெயர் யாரென்றே அவளுக்குத் தெரியாது, முகம் பார்த்ததில்லை. அழுத்தினாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள். "செப்பண்டி" என்று ஒரு ஆண்குரல், சொல்லுங்க என்று தெலுங்கில் உற்சாகமாகக் கத்தியது. இயந்திரச் சத்தத்துக்கு மேலே கேட்கவேண்டுமே என்றுதான் அவர் அப்படிக் கத்தினார்.