குள்ளமாகிப்போன தளபதி

சின்னச் சிப்பாய்ச் சங்கத்தின் செயலாளருக்கு மச்சினன்மேல் சந்தேகம் வராத நாளே கிடையாது. அன்று ஆதாரமும் கிடைத்துவிட்டது. அவருடைய தளபதி பொம்மை ஒரு மில்லிமீட்டர் குள்ளமாகியிருந்தது.

காலையில் அளந்தபோது ஐம்பத்துநான்கு. இப்போது ஐம்பத்துமூன்று. பின்னால் நின்ற ஒன்பது சிப்பாய்களும் ஐம்பத்துநான்கு. நான்கு மணிக்குச் சங்கத்தின் பொம்மைப்படைப் போட்டி. சிப்பாயை அண்ணாந்து பார்க்கும் தளபதிக்கு எந்த நடுவர் பரிசு தருவார்?

இடையில் நடந்தது இவ்வளவுதான்: தளபதி திரும்பிப் பார்க்கட்டும் என்று இடுப்பில் அறுத்து, மேல்பாதியைத் திருப்பி ஒட்டினார். அறுப்பில் அவரைக் குறைசொல்ல ஆளில்லை. ‘அறுப்பு எனும் தவம்’ என்று போன மாதம்தான் சங்கத்தில் இரண்டு மணிநேரம் பேசியிருந்தார். ஒட்டிவிட்டுக் குளிக்கப் போனார். அந்த நேரம் பார்த்து ஏணி கேட்டு மச்சினன் வந்துபோனானாம். அவனும் அதே போட்டியில், அச்சு அசலாக அதே மாதிரிப் படையோடு!

சங்கத்தின் வாட்ஸப் குழுவில் ‘ஆள்மாறாட்டம்’ என்று ஏழு பத்தி எழுதிப் போட்டார். பத்தே நிமிடத்தில் மச்சினன் வாசலில் நின்றான்.

“என்ன அத்தான், என்னைத் திருடன்னு தண்டோரா போட்டிருக்கீங்க?”

“திருடன்னு எழுதல. ‘மாற்றிவைத்த நபர்’னுதான் எழுதியிருக்கேன்.”

“இடுப்புல உங்க ஒட்டு இருக்கே,” என்றாள் மனைவி. “நீங்க குளிச்சு வர்றதுக்குள்ள இன்னொண்ணை அறுத்து ஒட்டிட்டா போனான்?”

“அதான் நானும் யோசிக்கிறேன். வீட்டுக்குள்ளேயே கூட்டாளி இருக்கணும்.” செயலாளர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

மச்சினன் தளபதியைக் குனிந்து பார்த்தான். “ரம்பத்தை எங்க விட்டீங்க?”

“போட்ட கோட்டு மேலேயே. இம்மி விலகல.”

“அப்புறம் அரம் போட்டீங்களா?”

“ரெண்டு பக்கமும். கண்ணாடி மாதிரி.”

மேசையில் கிடந்த சாம்பல்நிறத் தூளை மச்சினன் ஒரு காகிதத்தில் கூட்டி அள்ளி நீட்டினான். “இந்தாங்க உங்க ஒரு மில்லிமீட்டர். பாதியை ரம்பம் தின்னுச்சு, பாதியை அரம்.”

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“பசை இன்னும் இறுகல. பிரிச்சு நடுவுல இதை வைங்க. மேல பெல்ட்டு வரைஞ்சுட்டா தெரியாது.” சட்டைப்பையிலிருந்து மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒன்றை எடுத்தான். “நீங்க தோத்தா அக்காவைத்தானே ஒரு மாசம் படுத்துவீங்க.”

செயலாளர் தகட்டை வாங்கினார். நன்றி சொல்லவில்லை. அது ஒரு மில்லிமீட்டர்தானா என்று அளந்தார். பிறகு வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் இன்னொரு முறை அளந்தார்.