மழை பார்க்காத வண்டி

“மழை பார்த்ததில்லைன்னு எழுது மச்சான்” என்றார் அத்தான். நான் பேனாவை நிறுத்தினேன். இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் இருபத்தெட்டு வருஷமாகப் புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருப்பவன் நான். ‘தங்கள் மனவேதனையைப் புரிந்துகொள்கிறோம்’ என்பதைப் பதினோரு விதமாக எழுதத் தெரியும் என்பதால், குடும்பத்தில் எழுத்து வேலை எதுவானாலும் என் தலையில்தான் விழும். இந்த முறை விழுந்தது, அத்தானின் காரை விற்பதற்கான விளம்பரம்.

“மழை பார்க்காததுல என்ன பெருமை அத்தான்? ஓட்டவே இல்லைன்னு நினைச்சுக்குவாங்க.”

அத்தான் காதில் வாங்கவில்லை. முப்பத்தைந்து வருஷம் பல் டாக்டராக இருந்தவர். வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடமே பேசிப் பேசி, எதிரில் இருப்பவர் பதில் சொல்வார் என்ற எதிர்பார்ப்பே அவருக்கு விட்டுப்போயிருந்தது. ஒரே உரிமையாளர், இரண்டு இருக்கை, திறக்கும் கூரை, சிவப்பு நிறம், இரண்டாவது சாவி உறைகூடப் பிரிக்காதது என்று சொல்லிக்கொண்டே போய், ‘தகுதியுள்ளோர் மட்டும் தொடர்புகொள்ளவும்’ என்று முடித்தபோது நாலு பக்கம் ஆகியிருந்தது. நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த அக்கா அதை வாங்கிப் படித்துப் பார்த்தாள். “நிறம், உயரம், வயசு எல்லாம் இருக்கு. சமைக்கத் தெரியுமான்னு மட்டும் விட்டுப்போச்சு” என்று திருப்பிக் கொடுத்தாள். நான் ஐந்து வரியாகச் சுருக்கினேன்.

அந்தக் காருக்கு எங்கள் குடும்பத்தில் ‘சின்ன வீடு’ என்று பெயர். வைத்தது அக்காதான். இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் அத்தான் சொந்தமாக கிளினிக் வைத்த கையோடு அதை வாங்கி வந்தபோது, வீட்டுக்குக் குளிர்பதனப் பெட்டி மாற்ற வேண்டியிருந்தது, கூரையில் ஒழுகல் இருந்தது. வாசலில் வந்து நின்ற அந்தச் சிவப்பு வஸ்துவைச் சுற்றி வந்து பார்த்த அக்கா, “ஊர்ல ஒவ்வொருத்தரும் ஒளிச்சு வைப்பாங்க, இவரு வாசல்லயே கொண்டாந்து நிறுத்திட்டாரு” என்றாள். அதோடு பெயர் நிலைத்துவிட்டது. சின்ன வீட்டுக்கு அத்தான் செய்த பணிவிடைகளைப் பெரிய வீடு ஒருநாளும் கண்டதில்லை. துடைக்க ஏழு துணிகள், ஒவ்வொன்றும் காரின் ஒவ்வொரு பாகத்துக்கு. கிளம்புவதற்கு முன் மூன்று நிமிஷம் எஞ்சின் ஓடிச் சூடாக வேண்டும். அதுவரை யாரும் பேசக் கூடாது. உள்ளே ஏறுகிறவர் செருப்பைக் கழற்றி, அதற்கென்று வைத்திருக்கும் துணிப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். என்னை ஒரே ஒருமுறை ஏற்றிக்கொண்டு போனார். முப்பது வயது ஆள், மடியில் என் செருப்பையே வைத்துக்கொண்டு, ஏதோ பிரசாரத்துக்குப் போகும் துறவி மாதிரி தெரு முழுக்கப் பவனி வந்தேன். அதற்குப் பிறகு ஏறவில்லை.

அக்கா மட்டும் ஏறினாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை ஆறு மணிக்கு, கூரையைத் திறந்துவிட்டு, ஆற்றுப் பாலம் வரை போய் வருவார்கள். ஒருமுறை நான் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது அந்த வண்டி என்னைக் கடந்து போனது. கணக்கு டீச்சரான என் அக்கா, வகுப்பில் சிரித்தால் கூரை இடிந்துவிடும் என்று நம்பப்பட்டவள், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, தலைமுடி நாலு திசையிலும் பறக்க, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு போனாள். நான் கை காட்டியதை அவள் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் தம்பி என்று அடையாளம் கண்டிருப்பாளா என்பது சந்தேகம்தான். பாலத்தில் வண்டியை நிறுத்தி, இறங்கி நின்று, பிளாஸ்கிலிருந்து காபி குடிப்பார்களாம். உள்ளே குடிக்க அனுமதியில்லை. “பேசிக்குவீங்களா?” என்று ஒருநாள் கேட்டேன். “எதுக்கு? அதான் வாரம் பூரா பேசறோமே” என்றாள்.

போன வருஷம் அவளுக்கு இடுப்பு மூட்டு மாற்றினார்கள். குனியக் கூடாது, தாழ்வாக உட்காரக் கூடாது, முட்டி இடுப்பை விட உயரக் கூடாது என்று டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார். சின்ன வீட்டின் இருக்கையோ தரையிலிருந்து ஒரு ஜாண் உயரம். ஆறு மாதம் அந்தக் கார் உறைக்குள்ளேயே கிடந்தது. நீங்கள் மட்டும் போய் வாருங்களேன் என்று அக்கா சொன்னதற்கு அத்தான், “தனியா போறதுக்கு நான் என்ன டிரைவரா?” என்று எரிந்து விழுந்தார். மறுவாரம்தான் விளம்பரம். எங்களிடம் அவர் சொன்ன காரணம், உதிரி பாகங்கள் கிடைப்பதில்லை என்பது.

வந்தவர்களை அத்தான் தேர்வு வைத்துத் தோற்கடித்தார். ‘இது கார் அல்ல, முதலீடு’ என்று பத்து நிமிஷம் சொற்பொழிவு ஆற்றிய நிதி ஆலோசகர், கதவை ஓங்கி அறைந்து சாத்தியதால் அந்த இடத்திலேயே தகுதி இழந்தார். பின்னால் சாமான் எவ்வளவு பிடிக்கும் என்று கேட்ட அரிசி மொத்த வியாபாரியைத் தெருமுனை வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். கடைசியாகத்தான் அந்த லிஃப்ட் மெக்கானிக் வந்தார், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு. நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி. நரைத்த முடியை இறுக்கிக் கட்டி, சட்டைப்பையில் டார்ச் செருகியிருந்தார். எதற்கு இந்தக் கார் என்று அத்தான் கேட்டார்.

“இருபது வருஷமா மேலேயும் கீழேயும்தான் போயிட்டிருக்கேன் சார். கொஞ்சம் நேரா போய்ப் பார்க்கலாம்னு.”

அத்தான் முகத்தில், நான் பார்த்து வெகுநாளான ஒரு புன்னகை வந்தது. கேட்காமலே செருப்பை வாசலில் விட்டார் அந்த அம்மா. கதவை இரண்டு விரலால் சாத்தினார். தேர்ச்சி உறுதி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது, பானெட் மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்த கையை எடுக்காமல் அத்தானைத் திரும்பிப் பார்த்தார்.

“சூடா இருக்கே சார்.”

“வெயில்” என்றார் அத்தான்.

கார் நின்றது ஷெட்டுக்குள்.

“எஞ்சின் ஆறியிருக்கறப்ப ஸ்டார்ட் பண்ணாத்தான் வண்டியோட சீக்கு தெரியும். நான் வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி வச்சிருக்கீங்க. எதை மறைக்கிறீங்க?”

இருபத்து மூன்று வருஷமாக அந்தக் காரில் ஒரு தூசியைக்கூட மறைக்க வேண்டியிராத மனிதர் வாயைத் திறந்தார். வாய் திறந்தே இருந்தது. அவருடைய நோயாளிகள் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்கள். அந்த அம்மா டார்ச்சை எடுத்து உள்ளே அடித்தார். பக்கத்து இருக்கையின் காலடி விரிப்பில், செருப்புத் தடத்தோடு, பொடி மணல். இருக்கையில் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பை விரித்திருந்தது. அதன் மேல் பூப்போட்ட உறை மாட்டிய தலையணை, ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு. அந்த உறைகளை எனக்குத் தெரியும். அக்காவின் படுக்கையில் இருப்பவை.

“நாங்கதான்மா போயிட்டு வந்தோம்.” வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு அக்கா நின்றிருந்தாள். “கடைசியா ஒருதரம்னு சொன்னாரு. ஏறவே அரை மணி நேரம். பிளாஸ்டிக் பை போட்டா உட்கார்ந்துட்டு அப்படியே வழுக்கித் திரும்பிக்கலாம்னு ஆஸ்பத்திரில சொல்லிக் குடுத்தாங்க. குனிய முடியாதே, செருப்பைக் கழட்டல.” பிறகு அத்தானைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினாள். “செருப்போட ஏறினேன். அவரு பார்த்துட்டு ஒண்ணும் சொல்லல. அப்பவே எனக்குப் பாதி வலி போயிடுச்சு.”

“டாக்டர் எழுதிக் குடுத்திருக்காரே அக்கா” என்றேன்.

“தாழ்வாதானே உட்காரக் கூடாது? ரெண்டு தலகாணி போட்டதுல என் தலை கண்ணாடிக்கு மேல போயிடுச்சுடா. ஒட்டகத்து மேல போற மாதிரி போனேன்.”

அத்தான் ஏழு துணிகளில் ஒன்றை எடுத்து, ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்த கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். கழுத்து வரை சிவந்திருந்தது. அந்த அம்மா டார்ச்சை அணைத்தார்.

“வண்டி எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா ஆறின எஞ்சினைப் பார்க்காம வாங்க மாட்டேன். அது என் தொழில் வழக்கம். நாளைக்குக் காலைல வர்றேன். அதுவரைக்கும் யாரும் தொடக் கூடாது.”

“தொட மாட்டேன். என் வார்த்தை” என்றார் அத்தான். இத்தனை பெரிய வார்த்தைக்குச் சாட்சி வேண்டும் என்று தோன்றியதோ என்னவோ, சாவியைப் பையிலிருந்து எடுத்து, எல்லோரும் பார்க்க, ஒரு நாட்டின் பொக்கிஷத்தை ஒப்படைப்பது போல என் கையில் வைத்தார். நானும் அதற்குத் தக்க மரியாதையோடு சட்டைப்பையில் போட்டுப் பொத்தான் மாட்டிக்கொண்டேன். நான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் அவர் ஒருமுறைக்கு இருமுறை போன் செய்து, சாவி பத்திரமா என்று கேட்டார். மூன்றாம் முறை அக்காவே பேசினாள். “சாவி உன்கிட்டயே இருக்கட்டும்டா, நீ நிம்மதியா தூங்கு” என்றாள். பின்னால் அத்தான் சிரிக்கும் சத்தம் கேட்டது.

மறுநாள் காலை ஏழரைக்கு நானும் அந்த அம்மாவும் வாசலில் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். ஷெட் கதவு திறந்திருந்தது. கார் நேற்று நின்ற இடத்தில், நேற்று நின்ற கோணத்திலேயே நின்றது. அந்த அளவுக்குத் துல்லியமாக நிறுத்தியிருந்ததுதான் எனக்கு முதல் சந்தேகம். நான் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். சாவி இருந்தது. ஷெட் ஓரத்துக் குப்பைக்கூடையில், வருஷக்கணக்கில் மஞ்சளாகிப்போன, ஒரு சாவி அளவே உள்ள சின்ன பிளாஸ்டிக் உறை ஒன்று கிழிந்து கிடந்தது.

அத்தான் தோட்டத்துக் குழாயை ஆராய்ந்துகொண்டிருந்தார். அது ஒழுகவில்லை. அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் பானெட் மேல் உள்ளங்கையை வைத்தார். ஆறிக்கொண்டிருக்கும் இரும்பின் சத்தம் எனக்கே கேட்டது; டிக்... டிக்... என்று, நிதானமாக.

கையை எடுக்காமலே அவர் வாசல் பக்கம் திரும்பி அக்காவைப் பார்த்தார்.

“பாலம் வரைக்குமா?”

“பாலம் தாண்டி” என்றாள் அக்கா.

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். காலில் செருப்பு. சீவாத நரைமுடி நாலு திசையிலும் நின்றது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கண்ணாடியின் நடுவில், காற்றில் வந்து மோதிய ஏதோ பூச்சியின் மெல்லிய இறக்கை ஒன்று ஒட்டியிருந்தது. கைக்குட்டை மடியிலேயே இருந்தது. அவள் துடைக்கவில்லை.